கறுப்பு மொச்சை

அடெரிட்டோவின் விரலிடுக்கில் கறுப்பு மொச்சை உருண்டுகொண்டிருந்தது. ரகசிய வாக்கெடுப்பு என்பது கிளப்பின் விதி. அவரோ ஊருக்கே காட்டுவதுபோல அதைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பெல்மிரோ பேரு வேண்டாம். வேற ஆளைப் பாருங்க" என்றார், நாலாவது தடவையாக.

மேசையைச் சுற்றியிருந்த மற்ற நாலு பேராலும் நம்ப முடியவில்லை. வடக்குப் போர்ச்சுகலில் எங்கள் மலைப்பாதை கார்ப் பந்தயத்தைத் தெரியாதவர் கிடையாது. அதில் பதினேழு வருடம் பெல்மிரோ வண்டி ஓட்டினார் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து வளைவு வளைவாக வழி சொன்னவர் இதே அடெரிட்டோ.

கிளப்பின் புகழ் மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு பெயர்தான் ஏறும். ஐந்து பேரும் வெள்ளை மொச்சை போட வேண்டும். ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்தப் பெயர் போச்சு.

பெல்மிரோவுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது யார் தெரியுமா? சிமாவோ. பெல்மிரோவிடம் பதினோரு தடவை தோற்று, பதினோரு தடவையும் இரண்டாம் பரிசோடு வீட்டுக்குப் போன சிமாவோ.

"டேய், அவன்கிட்ட மண்ணைக் கவ்வின நானே வெள்ளை போடுறேன். கூடவே இருந்த நீ கறுப்பு போடுறியா? உன் பேரு வரலேன்னு வயித்தெரிச்சலா?"

"ஆமான்னே வச்சுக்க."

அடெரிட்டோ எழுந்து ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். கீழே சதுக்கத்துக் காப்பிக்கடையில் பெல்மிரோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார். மாடியில் யார் கத்தினாலும் கீழே அட்சரம் பிசகாமல் கேட்கும்.

"அந்த ஜன்னலைச் சாத்துங்களேன்."

"ஜூன் மாச வெயிலு. சாத்தினா எல்லாரும் அவிஞ்சு போயிடுவோம்" என்றார் தலைவி கிராசியெத். "நீ முதல்ல உக்காரு."

"மெக்கானிக் கஸ்டோடியோவுக்குக் குடுங்க, தலைவரம்மா. வண்டியைப் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினது அவன்தானே? பெல்மிரோ சும்மா ஸ்டியரிங்கைத் திருப்பினான், அவ்வளவுதான்."

"கஸ்டோடியோவுக்கு அறுபதுதான் ஆகுது. அடுத்த வருஷம் பாக்கலாம். பெல்மிரோவுக்கு எழுபத்தாறு. இந்த வருஷம் விட்டா அப்புறம் சவப்பெட்டிக்குத்தான் மாலை போடணும்."

அடெரிட்டோவின் கால் மேசைக்கடியில் ஓயாமல் ஆடியது. "சரி, பேரைப் பொறிச்சுக்குங்க. ஆனா மலை ஏறுற சடங்கு வேண்டாம்."

சிமாவோ துள்ளி எழுந்துவிட்டார். புனித யோவான் திருவிழா அன்று, தேர்வானவர் தன் பழைய வண்டியில் தன்னந்தனியாக மலையேற வேண்டும். ஜனங்கள் வண்டியைத் தொடுகிற தூரத்தில் இரண்டு பக்கமும் நெருக்கியடித்து நிற்பார்கள்.

"அடப்பாவி! அவனுக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதானேடா! ஆறு மாசமா அந்த வண்டியைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கான். அதையும் பிடுங்கணுமா?"

"சடங்கு இல்லாம பேரா? தண்ணி இல்லாம ஞானஸ்நானமா?" என்றார் கிராசியெத். "இதோ பாரு, எனக்கும்தான் அவன்மேல வருத்தம். போன வாரம் கோயில் வாசல்ல கையாட்டிச் சிரிச்சேன். என் மூஞ்சிக்கு நேரா பாத்துக்கிட்டே மதிக்காம போயிட்டான். அதுக்காக நான் கறுப்பு போடுறேனா?"

"அதேதான்! தலைக்கனம்!" என்று அடெரிட்டோ அவசரமாகப் பிடித்துக்கொண்டார். "தலைக்கனம் பிடிச்சவனுக்கு எதுக்கு மரியாதை?"

"நிஜமான காரணத்தைச் சொல்லுடா" என்றார் சிமாவோ.

"என் வாயால வராது."

துணிப்பை ஐந்து பேரிடமும் சுற்றி வந்தது. கிராசியெத் அதை மேசைமேல் கவிழ்த்தார். நாலு வெள்ளை, ஒரு கறுப்பு.

"பெல்மிரோ பேரு தள்ளுபடி" என்றார் எழுதிக்கொண்டே. அடெரிட்டோவின் கால் அப்போதுதான் ஆடாமல் நின்றது. அவர் முகத்தில் வெற்றி பெற்றவரின் சந்தோஷம் துளிக்கூட இல்லை. அதைக் கவனிக்கத்தான் அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

கிளப்பின் சிவப்புச் சட்டை போட்ட ஐந்து பேரும் வரிசையாகப் படியிறங்கினார்கள். மத்தியான வெயில் கண்ணைப் பறித்தது. ஊரே திரண்டு, தட்டில் இருந்த சுட்ட மத்தி மீனைக்கூட மறந்துவிட்டு, என்ன நடக்கப்போகிறதோ என்று நின்றது.

பெல்மிரோ ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுக்கொண்டு நேராகப் படிக்கட்டுக்கு வந்தார். யாரும் வாயைத் திறப்பதற்குள், எதிரே வந்த சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தார்.

"துரோகி! பதினேழு வருஷம் உன் பேச்சை நம்பி உயிரைப் பணயம் வச்சேனேடா! ஊருக்கு முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டியே! போடா அடெரிட்டோ, செத்தாலும் இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

பிடிபட்டவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஒரு சாண் தூரத்தில் இருந்த அந்தக் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"பெல்மிரோ... நான் சிமாவோடா."