தளவாயைத் தெரியுமா?

“தளவாயா? நல்லாத் தெரியுமே. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரு” என்றார் முதல் வீட்டு ஹமீது.

வானமாமலைக்குச் சிரிப்பு வந்தது. தளவாய் என்று ஒரு வேட்பாளரே கிடையாது. மாட்டுங்கா ஆபீஸில் உட்கார்ந்து அவனே உண்டாக்கிய பேர்.

அறுபத்தேழு தேர்தலில் ஓட்டு யாருக்கு என்று தாராவியில் விசாரிக்கிற வேலை. பாதிச் சந்துகளில் நிஜ வேட்பாளர்களைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். மீதிச் சந்துகளில் இல்லாத ஒருவரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தெரியும் என்றால் புளுகு. புளுகுகிற சந்தின் பதில்கள் எல்லாம் குப்பைக்கு.

“பத்து வருசமா இங்கனதான் இருக்காரு. கால் மட்டும் கொஞ்சம் சாய்மானம்” என்றார் அடுத்த வீட்டு நயினார்.

வானமாமலையின் சிரிப்பு நின்றது. காலைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லையே.

மூன்றாவது வீட்டில் செண்பகவல்லி ஒரு டம்ளரை நீட்டினாள். “இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனாரு.”

தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

கடைசி வீட்டுப் பேராச்சி அவன் கேட்பதற்கு முன்பே சொன்னாள். “தளவாய்தானே? உள்ள தூங்குதாரு.”

மூலையில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு ஓர் உருவம். இடது பாதம் மட்டும் வெளியே சாய்ந்து கிடந்தது. போர்வை ஏறி இறங்கியது.

வானமாமலை வாசலை விட்டுப் பின்வாங்கினான்.

“அம்மா, அப்படி ஒருத்தர் கிடையாது. ஓட்டுக் கணக்குக்காக நான் சும்மா வச்ச பேரு. இது யாரு?”

பேராச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஓட்டுக் கணக்குன்னுதான் போன மழையிலயும் ரெண்டு பேரு வந்தாவ. ஒரு பேரைச் சொல்லித் தெரியுமான்னு கேட்டாவ. ஊருலேருந்து புதுசா வந்த பய. நெசமாவே தெரியாதுன்னோம். வெளியாளுன்னு குடிசையைப் பிரிச்சு, அவனை ரயிலேத்திட்டாவ. அன்னையிலேருந்து யார் பேரைக் கேட்டாலும் எங்களுக்குத் தெரியும். எல்லாம் தகரச் சுவரு. முத வீட்டுல சொல்லுதது கடைசி வீடு வரைக்கும் கேக்கும்.”

“அப்ப படுத்திருக்கிறது?”

“எம் மவன் பூலோகம். ஆளைக் காட்டுன்னு கேட்டா, இவந்தான் தளவாய்னு அனுப்பி வச்சிருப்பேன். பம்பாயிலயே பொறந்தவன். இவனை எந்த ஊருக்கு ரயிலேத்துவாவ?”