நூற்றுப் பதினேழாம் பக்கம்

நாவல் எழுதுவதை நிறுத்திவிட்டு, பெண்களை மட்டம் தட்டும் நாவல்களைக் கிழித்தெடுக்கும் விமர்சகராகியிருந்தார் சுகிர்தவல்லி. அன்று மகளிர் காவல் நிலையத்தில், அடிபட்டு வந்த செண்பகவடிவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். அவள் கணவன் பையிலிருந்து ஒரு பழைய நாவலை எடுத்து மேசையில் போட்டான்.

“நீங்க எழுதுனதுதான மேடம்? இதுலயும் அவன் அடிக்கான். அவ அழுதுட்டு, அவன் குளிக்க வெந்நீர் வைக்கா. இதுக்குத்தான உங்களுக்கு விருது குடுத்தாவ?”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. முதல் பக்கத்தில், மணமக்களை வாழ்த்தி சுகிர்தவல்லி போட்டிருந்த கையெழுத்து.

“நானும் படிச்சிருக்கேன்க்கா,” என்றாள் செண்பகவடிவு. “பதினோரு வருஷமா வெந்நீர் வச்சேன்.”

சுகிர்தவல்லி தன் விமர்சனக் குறிப்பேட்டை விரித்து, பேனாவைத் திறந்தார். “அந்த வெந்நீர் எந்தப் பக்கம்?”

புத்தகத்தைப் பார்க்காமலே செண்பகவடிவு சொன்னாள்: “நூத்திப் பதினேழு.”