எட்டாவது கோப்பை

"இந்த ஃபைனலோட நிறுத்திக்கோயேன். ஏழு கோப்பை போதாதா?" என்றார் கணவர்.

மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைமைக் கோச்சான அவள், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டாள், "நிறுத்திட்டு?"

"வீட்ல நிம்மதியா இரு. தினமும் முட்டிக்குத் தைலம் தேய்க்கறே. உனக்கு எதுக்கு இந்த ஓட்டம்?"

"முட்டி என்னோடது. நான் பார்த்துக்கறேன்."

"அப்பா, ஃபைனல் அன்னிக்குக் காலையில மட்டும் அம்மா முட்டி மேல உங்களுக்குப் பாசம் பொத்துக்கிட்டு வருது" என்றாள் மகள், உள்ளேயிருந்து.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மாலை ஆட்டம் கடைசிவரை இழுபறி. நான்கு நொடி மிச்சமிருக்கும்போது அவள் டைம் அவுட் கேட்டாள். களைத்துப்போன கேப்டனை உட்காரவைத்துவிட்டு, பெஞ்சில் இருந்த குட்டைப் பெண்ணை இறக்கினாள். அந்தப் பெண் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு உள்ளே விழுந்தது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எட்டாவது கோப்பை.

ஆரவாரம் அடங்குமுன், எதிரணிக் கோச்சிடம் கை குலுக்கப் போனாள். அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"உங்க காலேஜ்ல என்ன சொல்வாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"இந்தத் தடவை வேலை போயிடும்னுதான் நினைக்கறேன்."

அவள் குலுக்கிய கையை விடவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி, நீ விட்டுக்கொடுத்துட்டா? ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்" என்றார் அவள் கணவர். "நீ முன்னால வீட்டுக்குப் போ. நான் எங்க டீம் பஸ்ல வந்துடறேன். பொண்ணுங்க அழுதுட்டிருக்காங்க."