கீறல் விழுந்த பெட்டி

"இது கை தவறி விழுந்ததா? யாருகிட்ட கதை விடறீங்க மேடம்?"

லாம்ப்டி அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். புத்தம் புது வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர். பெட்டியின் பக்கவாட்டில் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேர்க்கோடு.

"காத்துல கதவு அடிச்சு..." என்று இழுத்தாள் ஆன்ட்டி பிராகோ.

"பாலைவனத்து ஹார்மட்டான் காத்து ஓய்ஞ்சு மாசக்கணக்காச்சு."



கானா நாட்டுக் குமாசியில், யுனிவர்சிட்டி வாசலுக்கு எதிரே பிராகோவின் கம்ப்யூட்டர் கடை. கம்பெனி வைத்த விலைக்கு, கானா காசில் ஒரு சேடி குறைத்து விற்றாலும் ஏஜென்சி போய்விடும். அடிபட்ட சரக்கை மட்டும் பாதி விலைக்குத் தரலாம். நஷ்டம் கடைக்காரர் தலையில். இந்த ஊரில் வேறெந்தக் கடையிலும் இல்லாத அளவுக்கு இவள் கடையில்தான் சரக்கு அடிபடுகிறது. அதை விசாரிக்கத்தான் அக்ராவிலுள்ள கம்பெனி ஆபீசிலிருந்து லாம்ப்டி வந்திருந்தார்.

"பெரிய சரக்கைப் பாதி விலைன்னு காட்டி எந்த வியாபாரிக்குக் கைமாத்துறீங்க? முழு விலைக்கு வித்துப் பங்கு போட்டுக்கறீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார்."

"வாங்க வர்ற ஆளை நானே பாத்துக்கறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் ஒரு பெண் உள்ளே வந்தாள். தோளில் சுருட்டிய வரைபடங்கள்.

"ஆன்ட்டி, அந்த அடிபட்ட பீஸ் இருக்கா? வித்துடலையே?"

"இருக்கு அம்போமா. பாத்துக்கோ."

அம்போமா குனிந்து பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"கீறல் இவ்ளோ பெருசா இருக்கே! இன்னும் கொஞ்சம் குறைங்க ஆன்ட்டி."

லாம்ப்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "உனக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய மெஷின்?" என்று கேட்டார்.

"ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன் சார். கட்டடத்த முழுசா வரைஞ்சு காட்டணும். என் பழைய லேப்டாப் பாதியிலேயே உயிரை விட்டுடும். காலேஜ் லேப்ல க்யூ நகரவே நகராது."

"புதுசா வாங்கறதுதானே?"

"அம்மா ரோட்டோரம் வாச்சே சாப்பாடு வித்து என்னைப் படிக்க வைக்கிறாங்க சார். சோறும் பயறும் வித்த காசுல புதுசு எங்க வாங்கறது? சும்மா யாராவது குடுத்தாலும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அடிபட்ட பொருள்னா காசு குடுத்து வாங்கிக்கலாமாம்."

பிராகோ இன்னும் கொஞ்சம் குறைத்தாள். அம்போமா கூட்டி வந்த டாக்சி டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

கிளம்பும்போது அம்போமா, "பொருளைக் கொஞ்சம் பாத்துக் கையாளுங்க ஆன்ட்டி. நஷ்டம் உங்களுக்குத்தானே?" என்றாள்.

"சரிம்மா, இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்."

"என் ஃப்ரெண்ட் டெடே வெளிய நிக்கிறா. அவளுக்கும் ஒண்ணு வேணுமாம். ரெண்டாவதா ஒண்ணு அடிபட்டிருக்குமான்னு கேட்டா. பேராசைதான்!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.



"ஒவ்வொண்ணுலயும் உங்களுக்கு எவ்ளோ போகுது தெரியுமா?" என்றார் லாம்ப்டி.

"பாங்க்காரங்களுக்கும் கம்பெனிக்காரங்களுக்கும் முழு விலைக்கு விக்கிறேன் சார். அதுல கிடைக்கிறது எனக்குப் போதும். உங்க சட்டம் வேற வழி விடலையே."

 லாம்ப்டி எழுந்தார். "இன்னொரு புது மெஷினைப் பிரிங்க. சோதிக்கணும்."

பிராகோ பயந்துகொண்டே பிரித்து வைத்தாள்.

லாம்ப்டி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் பேன்ட் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து, மெஷினின் மேல் சரக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயையோ! என்ன சார் பண்றீங்க?"

"அந்த டெடேயைக் கூப்பிடுங்க. சோதிக்கும்போது என் கைதான் தவறிச்சு; நஷ்டத்தை என் சம்பளத்துல பிடிக்கச் சொல்லிடறேன்."