பச்சை நோட்டீஸ்

ஓர்ஸ் ஹில்லில் சிவபாக்கியம் கதவைத் திறந்தால் வாசலில் பச்சை நோட்டீஸ்தான். நாளைக்குத் திறக்கப்போகும் புடைவைக் கடையின் விளம்பரம். விடிய மூன்று, மத்தியானம் ஐந்து என்று வந்து விழ, கூட்டிக் கூட்டி அவளுக்கு இடுப்பு முறிந்தது.

"உங்களுக்கும் இந்தக் கரைச்சலோ, பரீனா?" என்று வேலிக்கு மேலால் கேட்டாள்.

"இந்தத் தெருவில ஒரு வீட்டுக்கும் வரல்லியே அக்கா."

பரீனா அறியாத வீடு அந்தத் தெருவில் இல்லை. சிவபாக்கியம் கூட்டிய தும்புத்தடியோடு போய், நோட்டீஸ் போட வந்த ஆளை வாசல் படலையில் மறித்தாள்.

"ஊரெல்லாம் கிடக்க, ஏன் எல்லாத்தையும் இங்க கொட்டுறீர்?"

"இங்க போட்டாத்தானே அம்மா, நாங்கள் வேலை செய்யிறது முதலாளிக்குத் தெரியும்?"

சிவபாக்கியம் உள்ளே வந்து, சாய்மனைக் கதிரையில் கிடந்த புருஷனைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு உங்கட கடைக்கு நான் ஒருத்திதான் வருவன்."