மூணாவது தடவை

"மாஸ்டர், உங்க பொண்ணு ஊசி போட்டுக்கிட்டுதான் ஓடுச்சாமே, நெசமா?"

கேட்டவன் ஸ்டியரிங்கைப் புடிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை ஒரே மிதி. கத்துக்குட்டியோட மூக்கு ஸ்டியரிங்குக்கு முத்தம் குடுத்துட்டுத் திரும்புச்சு.

"ரோட்டைப் பாரு. என் வீட்டுக்குள்ள பாக்காத."

"இல்ல மாஸ்டர், ஊரே பேசுது..."

"ஊரு வாய்க்கு லைசென்ஸ் வேணாம். உனக்கு வேணும். கியரைப் போடு."

அவன் வாயை அடைச்சிட்டார். ஆனா கேள்வி அவர் நெஞ்சுக்குள்ள போய் சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு.

இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு. உலகப் போட்டியில நூறு மீட்டர் அரையிறுதி வரைக்கும் ஓடினவ. மூணு வாரத்துக்கு முன்னாடி லெட்டர் வந்துச்சு. ரெண்டு வருஷம் தடை.

ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. உலக அளவுல ஓடுறவங்க, தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்போம்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துடணும். ஊக்கமருந்து சோதனைக்காரங்க சொல்லாம கொள்ளாம வந்து மூத்திரம் புடிக்க டப்பாவை நீட்டுவாங்க. ஒரு வருஷத்துல மூணு தடவை ஆளைக் காணோம்னா, சோலி முடிஞ்சுது.

முதல் தடவை விமானம் லேட். ரெண்டாவது தடவை ஹாஸ்டல் மாறினதை எழுத மறந்துட்டா. சரி, போகட்டும். மூணாவது தடவைதான் மாஸ்டருக்கு ஆறவே இல்ல. லீவுக்கு வந்து, வீட்லயே, தன் கட்டில்லயே இருந்திருக்கா!

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலுக்குத் திரும்பினா, அவதான் மேஜையில உக்காந்து எல்.எல்.ஆர். ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருந்தா. அந்த நீளக் காலு ரெண்டும் மேஜைக்கடியில கொள்ளல. வர்றவன் போறவன் எல்லாம் தடுக்கினான்.

"நல்லா பாத்துக்கங்கய்யா," பெஞ்சில இருந்தவங்ககிட்ட மாஸ்டர் ஆரம்பிச்சார். "நூறு மீட்டருக்குப் பதினோரு செகண்டு. கட்டில்லேர்ந்து வாசல் பத்தடி. அதுக்கு மகாராணிக்கு ஒரு மணி நேரம் பத்தல!"

பெஞ்சு சிரிச்சுது.

"தூங்கிட்டேன்பா. போனும் சைலண்ட்ல இருந்துச்சு."

"கும்பகர்ணன் வீட்டுல பொறக்க வேண்டியது, வழி தவறி என் வீட்டுக்கு வந்துருச்சு. ஊசி போட்டா, அதான் ஒளிஞ்சிக்கிட்டாங்கறான் ஒவ்வொருத்தனும். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வெளிய போறது?"

"சொல்லிட்டுப் போறாங்க, விடுப்பா. நீ சாப்பிட்டியா?"

அதுக்குள்ள வேர்த்து விறுவிறுத்து கோச் வந்து நின்னார். கையில ஃபைல்.

"சார், இன்னைக்கு அஞ்சு மணியோட அப்பீலுக்கு நேரம் முடியுது. மணி இப்பவே மூணரை. இவ எழுதியிருக்கற அழகைப் பாருங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'தூங்கிட்டேன்'னு ஒத்தை வார்த்தை. ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதற புள்ளைகூட காய்ச்சல்னு எழுதுமே!"

"தப்பு என்னுது சார். ரெண்டு வருஷம்தானே, இருந்துட்டு வர்றேன்."

"ரெண்டு வருஷம்தானேவா? கால் துருப்பிடிச்சிரும். ஒலிம்பிக்ஸ் போச்சு. உன் லேன்ல வேற எவளாவது நிப்பா. டி.வி.யில பாத்துக் கை தட்டுவியா?"

அவ பேனா ஃபாரத்துல ஓட்டை போட்டுது.

"தட்டறேன் சார்."

மாஸ்டருக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, கையை ஓங்கிட்டார். அவளை அவர் அடிச்சதே கிடையாது.

"பத்து வருஷம்டி! இருட்டோட இருட்டா உன்னை எழுப்பி, தூக்கக் கலக்கத்தோட வண்டியில உக்கார வெச்சு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்காகவாவது ஒரு நல்ல காரணம் எழுத மாட்டியா?"

அவ தலையைக் குனிஞ்சிக்கிட்டா. பெஞ்சுல இப்ப யாரும் சிரிக்கல.

கோச் குறுக்க வந்தார். "அடிக்காதீங்க சார். அந்த மூணாவது தடவை என்ன நடந்துச்சுன்னு சோதனைக்காரங்க ஒரு அறிக்கை எழுதியிருக்காங்க. இவகிட்ட ஒரு காப்பி இருக்கு, கண்ணுலயே காட்டல. நேத்து ஆபீஸ்ல தொங்கோ தொங்குன்னு தொங்கி இன்னொண்ணு வாங்கிட்டேன். இதைச் சேத்து வெச்சா தடை நீங்கினாலும் நீங்கும். நீங்களே படிச்சிப் பாருங்க."

பொண்ணு வெடுக்குன்னு நிமிர்ந்தா.

"சார், வேணாம்! அதை அப்பாகிட்ட குடுக்காதீங்க!"

"ஓஹோ, என்கிட்டயே மறைக்கற அளவுக்கு வந்துட்டியா?" மாஸ்டர் கையை நீட்டினார்.

நாற்காலி குப்புற விழுந்துச்சு. ஃபாரம் எல்லாம் பறந்துச்சு. மூணு வாரம் கழிச்சு, அன்னைக்குத்தான் அவ ஓடினா. மேஜையைச் சுத்தி, நாலே எட்டு.

அரை செகண்டு லேட்டு. பேப்பர் மாஸ்டர் கைக்குப் போயிருந்துச்சு.

"குடுத்துருப்பா... படிக்காதப்பா..."

மாஸ்டர் அவளை ஒரு கையால தள்ளிட்டு, கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு, பெஞ்சுக்கும் கேக்கட்டும்னு சத்தமாவே படிச்சார்.

"காலை 6.10. கதவைத் திறந்தவர் வீராங்கனையின் தந்தை. நாங்கள் யாரென்று சொல்வதற்குள், 'மறுபடியும் பேட்டி எடுக்க வந்துட்டீங்களா, அவ இந்த ஊர்லயே இல்ல' என்று கூறிக் கதவைச் சாத்திவிட்டார்."