சிங்கள எழுத்து எங்க போச்சு?

"மகள், இந்தச் சிங்கள எழுத்து எங்க போச்சு?"

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஷஹ்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கொப்பியில் லூர்து என்ற பெயருக்கு நேரே இன்னொரு கோடு போட்டாள். அதோடு நாற்பத்தொன்று.

"அங்கிள், நேத்தும் இதத்தானே கேட்டீங்க?"

"நேத்துக் கேட்டது நேத்தோட போச்சு. இன்னைக்குச் சொல்லுங்க."

"கீழ, வலது பக்கத்துல, நேரம் காட்டுற எடத்துக்குக் கிட்ட சின்னதா ரெண்டு எழுத்து ஈக்கும். அத அமத்துங்க."

"கீழ... வலது பக்கம்... நேரத்துக்குக் கிட்ட... ரெண்டு எழுத்து..."

மனிதர் மாதா கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உரக்கத் திருப்பிச் சொன்னார். கீழ்மாடி முழுக்கக் கேட்டிருக்கும். ஷஹ்மாவுக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து கண்டியிலிருக்கும் அந்த மசாலாக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குப் புது சிஸ்டம் ஏற்றிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பழகிய ஒன்றும் பழகிய இடத்தில் இல்லை. கீழ்மாடி ரொனி, திரையில் புதிதாக வந்த மலைப் படம் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலைதான் என்று அடித்துச் சொன்னான். கணக்குப் பகுதிக்காரர் ஒருவர், ஓரத்தில் இருந்த பட்டன் நடுவுக்கு வந்துவிட்ட கவலையில் அரை நாள் லீவு கேட்டார். மாமியார் வந்து குசினியை மாற்றி அடுக்கிவிட்டுப் போனதுபோல இருக்கிறது என்றாள் டைப்பிஸ்ட்.

ஒரு வாரத்தில் எல்லோரும் அடங்கிப்போனார்கள். லூர்து மட்டும் அடங்கவில்லை.

ஷஹ்மா அலவத்துகொடையிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான். மேல்மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு போன். கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. கீழே யார் என்ன செய்கிறார்கள் என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

தொல்லை என்னவென்றால், மெனேஜர் தனபாலன் ஒரு லிஸ்ட் கேட்டிருந்தார்.

"இருபது தடவைக்கு மேல கேட்டவங்க யாருன்னு வெள்ளிக்கிழம பகலுக்குள்ள தாங்க மிஸ். புதுசோட மல்லுக்கட்டுறவங்கள கடுகண்ணாவை ஸ்டோருக்கு மாத்திருவோம். எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

ஸ்டோர் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு மிளகாய்த் தூள் பெக்கட் பண்ண வேண்டும். லூர்துக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வேறு சரியில்லை. படி ஏற முடியாமல்தான் எல்லாவற்றையும் போனிலேயே கேட்கிறார்.

"அங்கிள், நான் எண்ணிட்டு ஈக்கிறேன், தெரியுந்தானே?" என்று ஒருநாள் எச்சரித்தும் பார்த்தாள்.

"எண்ணுங்க மகள். எண்ணத் தெரிஞ்ச புள்ளயத்தான் வேலைக்கு எடுத்திருக்காங்க," என்று சிரித்தார்.

இன்று வெள்ளிக்கிழமை. பதினொரு மணியாகியும் லிஸ்டைக் கொண்டுபோய்க் கொடுக்க ஷஹ்மாவுக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒரு தடவை நேரில் சொல்லிக் கொடுத்துப் பார்ப்போம், பிடித்துக்கொண்டால் மெனேஜர் சேரிடம் பேசிப் பார்க்கலாம் என்று கொப்பியோடு கீழே இறங்கினாள்.

லூர்து பேங்குக்குப் போயிருந்தார். பக்கத்து மேசையில் கலாராணி மடியில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆறு வருசம் ஸ்டோரில் நின்றுவிட்டு, போன வருசம்தான் பெக்கட்டுகளுக்கு மூன்று பாஷையில் லேபல் அடிக்க மேசைக்கு வந்தவள். ஷஹ்மாவின் கொப்பியில் அவளுக்கு நேரே பூச்சியம்.

"வேல முடிஞ்சா?"

"இல்ல மிஸ். சிங்கள எழுத்து மறுபடி போயிருச்சு."

"அப்ப எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே."

கலாராணி போனைப் பார்த்தாள். தொடவில்லை.

"லூர்து அண்ணே இப்ப வந்துருவாரு மிஸ். வந்து அவரு கேப்பாரு."

"அவரு எதுக்கு? இரிங்க, இதுலயே காட்டுறேன்," என்று ஷஹ்மா லூர்துவின் கதிரையில் உட்கார்ந்து மவுஸை அசைத்தாள்.

திரை வந்தது. நடுவில் பட்டனும் இல்லை, ஹந்தானையும் இல்லை. எல்லாம் பழைய இடத்தில் பழையபடி இருந்தன.

"இதுல புதுசே இல்லையே?"

"அண்ணே மெசின் ரொம்பப் பழசு மிஸ். புதுசு ஏறாதுன்னு அன்னைக்கே விட்டுட்டுப் போயிட்டாங்க. லொறிக்காரங்களுக்கு இங்கிலிஸ்ல சாமான் துண்டு அடிக்கிறது மட்டுந்தான் அவரு வேல."

"அப்ப அவரு நாப்பத்தொரு தடவ கேட்டது யாருக்கு?"

"எனக்குத்தான் மிஸ், ஒரு தடவ சொன்னா மனசுல நிக்க மாட்டேங்குது. மறுபடி அந்தத் தூளுக்குள்ள போனா நெஞ்சு தாங்காது. கேட்டா பேர எழுதுவாங்கன்னு பயந்து அழுதேன். எழுதுனா தன் பேர எழுதட்டும்னு அவரு போன எடுத்துட்டாரு."

மேசையிலிருந்த கொப்பியைக் கலாராணி அப்போதுதான் கவனித்தாள்.

"இப்ப என் பேர எழுதுவீங்களா மிஸ்?"

ஷஹ்மா கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொப்பியைத் திறந்து, லூர்துக்கு நேரே இருந்த நாற்பத்தொரு கோடுகளையும் வெட்டிவிட்டுப் பூச்சியம் போட்டாள். கலாராணிக்கு நேரே ஏற்கெனவே இருந்த பூச்சியத்தில் அவள் கை வைக்கவில்லை.